தோட்டத்து மண்ணில் பழைய காசு தேட எந்த டிடெக்டர்? மழைமாதக் குளிருக்கு ஓர் ஒப்பீடு

அக்டோபரில் மழை பிடித்ததும் எனக்கு வரும் வாட்ஸ்அப் எல்லாம் ஒரே மாதிரிதான். "அண்ணே, மெட்டல் டிடெக்டர் ஒன்னு வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" கேட்பவர்களில் பாதிப் பேர் இங்கிலாந்துக்காரன் ஒருவன் அறுவடை முடிந்த வயலில் தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு ரோமானியக் காசு எடுக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அவன் கையில் இருந்த மெஷினையே வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள். நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். சுற்றிலும் முன்பு பால்மரம் (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை, நடுவில் ஒரு பசார், ஒரு ரயில் நிலையம். இங்கே தேடுகிறவனுக்கு எது பொருந்தும் என்று மட்டும் சொல்கிறேன். கடற்கரையில் மோதிரம் தேடுகிறவர்களும் பகாங்கில் தங்கம் தேடுகிறவர்களும் வேறு ஆளைக் கேட்பது நல்லது.

முதலில் குளிர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளிர்காலத் தேடலுக்குத் தரும் யோசனைகள் எல்லாம் உறைபனியைச் சுற்றியே இருக்கும். நிலம் உறைந்தால் கரண்டி இறங்காது, அல்கலைன் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் கெட்டுப்போகும், திரையில் எண்கள் மெதுவாக மாறும். நமக்கு விடிகாலை 22 டிகிரி வந்தாலே ஸ்வெட்டரைத் தேடுவோம், ஆனால் பேட்டரிக்கு அது ஒரு குளிரே இல்லை. கேமரன் மலையில் ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கினாலும் இல்லை. நம் ஊரில் மெஷினைக் கொல்வது தண்ணீர்தான். மழை, சேறு, காரின் ஏர்கோனிலிருந்து எடுத்து வெளியே வைத்ததும் கண்ணாடிக்குள் படியும் ஈரம், இவை மூன்றும்.

சரி, அப்படியானால் மழை இல்லாத மாதத்தில் போனால் என்ன? போகலாம், ஆனால் தோண்ட முடியாது. தொடர்ந்து இரண்டு வாரம் மழை இல்லையென்றால் பிப்ரவரியில் நம் செம்மண் செங்கல் மாதிரி இறுகிவிடும், குழி வெட்டினால் மண் கட்டி கட்டியாக உடையும், அந்த உடைசலில் காசின் மேல் கரண்டி முனை பட்டுக் கீறல் விழும். நவம்பரில் அதே இடத்தில் கேக் துண்டு போல வட்டமாக வெட்டி எடுத்து, காசை எடுத்த பிறகு திரும்ப வைத்து மிதித்துவிட்டால் தோண்டிய அடையாளமே தெரியாது. ஈரமண்ணில் ஆழத்துக் காசு கொஞ்சம் தெளிவாகப் பேசும் என்பதும் இதில் ஊறியவர்கள் பலருடைய அனுபவம், என்னுடையதும் அதுதான். ஆகவே என் கணக்கில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் சீசன், அதிலும் விடிந்ததிலிருந்து பகல் பதினொரு மணிவரை. மேற்குக் கரையில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டும். செம்பனை நடுவே கையில் நீளக் கம்பியோடு நிற்கும்போது தூரத்தில் ஓர் உறுமல் கேட்டாலே மூட்டை கட்டிவிட வேண்டும், "இன்னும் ஒரே ஒரு சிக்னல்" என்ற பேச்சே கூடாது.

அடுத்தது, மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மெஷினைப் பேசிப் பயனில்லை.

நம் பக்கத்தில் அதிகம் வருவது ஒரு காசு, அதாவது சதுரக் காசு. ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி) பெயரில் 1919 முதல் 1926 வரை அடித்த ஐந்தாம் ஜார்ஜ் காசு, அப்புறம் மலாயா பெயரில் 1939-இலிருந்து வந்த ஆறாம் ஜார்ஜ் காசு, 1956-இலிருந்து மலாயா - பிரிட்டிஷ் போர்னியோ பெயரில் வந்த எலிசபெத் காசு, எல்லாமே மூலை மழுங்கிய சதுரம், எல்லாமே வெண்கலம். 1962-இல்தான் ஒரு காசு வட்டமாகி மேலே இரண்டு கிரிஸ் கத்தி வந்தது. வெள்ளிக் காசு ஏன் இவ்வளவு அரிது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். 1920-களின் கடைசியில் தோட்டத்தில் பல இடங்களில் ஆணுக்கு நாள்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இருபது காசு வெள்ளி ஒன்று கீழே விழுந்தால் அது ஒரு பெண்ணின் அரைநாள் உழைப்பு. விளக்கைப் பிடித்துக்கொண்டு குடும்பமே உட்கார்ந்து தேடியிருக்கும், கிடைத்தும் இருக்கும். நமக்கு விட்டுவைத்தது அவர்கள் தேடாமல் போன ஒரு காசு நாணயங்களைத்தான்.

சப்பான்காரன் காலத்துக் காசு கிடைக்குமா என்று கேட்பார்கள். கிடைக்காது. 1942-இலிருந்து 1945 வரை இங்கே புழங்கியது வாழைமரம் போட்ட தாள் பணம், மலாயாவில் அவர்கள் புழக்கத்துக்கு நாணயம் விடவில்லை. தாளுக்கு டிடெக்டர் கத்தாது.

காசைவிடப் பல மடங்கு இருப்பது இரும்புக் குப்பை. இங்கேதான் பால்மரத் தோட்டம் மற்ற எந்த நிலத்தையும்விட வேறுபடுகிறது. ஒவ்வொரு மரத்திலும் பால்கோப்பையைத் தாங்க ஒரு கம்பி வளையம், பால் வடிய ஒரு தகரத் துண்டு. மரம் போய்விட்டது, கம்பி போகவில்லை. லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடத்தில் துத்தநாகத் தகடு, ஆணி, சைக்கிள் சங்கிலி, மத்தித்தகரம், சுண்டப்பால் டின், உளியின் முறிந்த முனை. போதாததற்கு மறுநடவின்போது புல்டோசர் எல்லாவற்றையும் கலந்து பரப்பி வைத்திருக்கிறது. போன டிசம்பரில் ஒரு பழைய லயத்து அஞ்சடி (வீட்டு முன் நடைபாதை) ஓரம், கம்பியின் கரகரப்புக்கு நடுவே ஒரே ஒரு பக்கத்திலிருந்து ஆட்டினால் மட்டும் கேட்கும் மெல்லிய உயர்ந்த ஒலி ஒன்று வந்தது. மண்ணுருண்டையைப் பிளந்தபோது முதலில் ஒரு மூலை மட்டும் தெரிந்தது, வட்டம் இல்லாத அந்த மழுங்கிய மூலை. அதற்கு இரண்டு விரல் தள்ளி ஒரு கோப்பைக் கம்பி. பெரிய காயில் (மெஷினின் அடியில் இருக்கும், மண்ணின் மேல் ஆட்டும் தட்டு) போட்ட மெஷின் என்றால் அந்த இரண்டையும் ஒன்றாக விழுங்கி "இரும்பு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கும்.

இதிலிருந்துதான் என் அளவுகோல் வருகிறது. எவ்வளவு ஆழம் பார்க்கும் என்று விளம்பரத்தில் போடுவது நம் தோட்டத்தில் கடைசிக் கேள்வி. நமக்குக் கிடைக்கும் காசெல்லாம் ஒரு சாண் ஆழத்துக்குள்தான், அதற்குக் கீழே புதைந்ததை இந்தச் செம்மண்ணில் எந்த மெஷினும் உருப்படியாகச் சொல்வதில்லை. முதல் கேள்வி தண்ணீர் தாங்குமா, இரண்டாவது சிறிய காயில் போட முடியுமா, மூன்றாவது மண்ணின் இரும்புச் சத்துக்குக் கத்தாதபடி சரிக்கட்ட, அதாவது கிரவுண்ட் பேலன்ஸ் செய்ய, வழி இருக்கிறதா.

இப்போது மெஷின்களுக்கு வருவோம்.

ஆன்லைனில் சில நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்டுக்குள்) பெயர் தெரியாத பெட்டிகள் வரும், பச்சை விளக்கும் முள்ளும் வைத்து. பேசவே வேண்டாம். செம்மண்ணில் நடந்தாலே கத்தும். அந்தக் காசுக்குப் பதில் ஒன்றும் வாங்காமல் பெருமழைக்கு மறுநாள் காலையில் சரிவுகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் குனிந்து நடந்து பாருங்கள். மழை மண்ணைக் கழுவிக் கொண்டுபோன இடத்தில் காசு தானாக மேலே வந்து கிடக்கும். நகைச்சுவைக்குச் சொல்லவில்லை, தொடங்குகிறவர்களுக்கு இது ஒரு நல்ல வழி, எந்த இடம் பழைய இடம் என்பதும் இப்படி நடந்தால்தான் கண்ணுக்குப் பழகும்.

கேரட் ஏஸ் வரிசை, 300ஐ, 400ஐ. உழைக்கும் மெஷின், பட்டன் குறைவு, பாட்டிக்கும் சொல்லிக்கொடுக்கலாம். காயிலைத் தண்ணீரில் முக்கலாம், ஆனால் மேலே இருக்கும் பெட்டி மழை தாங்காது. கிரவுண்ட் பேலன்ஸ் தொழிற்சாலையில் வைத்ததுதான், மாற்ற முடியாது. வறண்ட, சாதுவான மண் உள்ள நாட்டில் இதைவிடச் சிக்கனமான தேர்வு இல்லை. நம் ஊரில் நவம்பரில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு திரிய வேண்டும். பையைச் சுற்றினால் உள்ளே வியர்க்கும்.

நொக்தா சிம்ப்ளெக்ஸ் அல்ட்ரா. ஒரே அலைவரிசை, 15 கிலோஹெர்ட்ஸ். ஆனால் முழு மெஷினையும் தண்ணீருக்குள் வைக்கலாம், மழை ஒரு பொருட்டே இல்லை, சேற்றில் விழுந்தால் குழாயடியில் கழுவலாம். காயிலை மேலும் கீழும் ஆட்டினால் தானே மண்ணுக்குச் சரிக்கட்டிக்கொள்ளும். பேட்டரி உள்ளேயே இருக்கிறது, யூஎஸ்பியில் சார்ஜ் ஏறும். கூட வரும் 11 அங்குல காயில் லயத்து நிலத்துக்குப் பெரிது, சிறியதைத் தனியாக வாங்க வேண்டும், அதை விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். மைன்லேப் எக்ஸ்டெர்ரா புரோவும் இதே வர்க்கம். அதுவும் தண்ணீர் தாங்கும், 5, 8, 10, 15 கிலோஹெர்ட்ஸ் என்று அலைவரிசையை மாற்றிக்கொள்ளலாம். மின்கம்பிக்குக் கீழே மெஷின் சும்மா சலசலக்கும்போது அந்த மாற்றம் கைகொடுக்கும். இரண்டில் எது என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். எதற்குச் சிறிய காயிலும் உதிரிப் பாகமும் உங்களுக்கு விற்கும் கடையில் சுலபமாகக் கிடைக்கிறதோ அது.

மைன்லேப் வான்குவிஷ் 440, 540. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. இவை ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் வேலை செய்கிறவை, செம்மண்ணின் இரும்புச் சத்தை ஒற்றை அலைவரிசை மெஷினைவிட நன்றாகச் சமாளிக்கும், திரையில் காட்டும் எண்ணும் அதிகம் தாவாது. 540 புரோ பேக்கில் சிறிய 8 அங்குல காயில் கூடவே வருகிறது, அது பெரிய வசதி. ஏஏ பேட்டரி போடுவதால் தோட்டத்துக் கடையிலேயே மாற்று வாங்கிக்கொள்ளலாம். எல்லாம் சரி, பெட்டிதான் மழை தாங்காது. உறை போட்டுச் சாரலில் ஓட்டலாம், நம் ஊர் மழை சாரலாக நிற்பதில்லையே. வானம் வெளுத்த காலையில் மட்டும், அரைநாள் மட்டும் போகிறவர் என்றால் இதை நான் சிம்ப்ளெக்ஸுக்கு மேலேகூட வைப்பேன். மழையில் மாட்டிக்கொள்கிற ஆள் என்றால் வேண்டாம்.

மைன்லேப் ஈக்வினாக்ஸ், நொக்தா லெஜண்ட் இரண்டும் பல அலைவரிசை, தண்ணீரும் தாங்கும். குறை என்று ஒன்றும் இல்லை, விலையைத் தவிர. சிம்ப்ளெக்ஸைவிடக் கணிசமாகக் கூடப் போகும். பல்ஸ் இண்டக்‌ஷன் மெஷின்களை ஒரே வரியில் முடிக்கிறேன்: இரும்பையும் காசையும் பிரித்துச் சொல்லாது, கோப்பைக் கம்பி நிறைந்த நிலத்தில் அது உங்களைக் குழிவெட்டும் கூலியாளாக ஆக்கிவிடும்.

என் தேர்வு நடுவில் இருப்பதுதான். தண்ணீர் தாங்கும் ஒற்றை அலைவரிசை மெஷின், ஒரு சிறிய காயில், மிச்சக் காசுக்கு ஒரு நல்ல பின்பாயிண்டர் (குழிக்குள் காசு இருக்கும் இடத்தைச் சுட்டும் சிறு கைக்கருவி). பல அலைவரிசை நம் மண்ணில் மேல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் லயத்து நிலத்தில் காசு ஆழத்தில் ஒளிந்திருப்பதில்லை, கம்பிக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது, கம்பியிலிருந்து காசைப் பிரிக்கும் வேலையில் ஓர் அலைவரிசை மெஷின் சிறிய காயிலோடு, பெரிய காயில் போட்ட விலையுயர்ந்த மெஷினை வெல்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பின்பாயிண்டரை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். சேற்றில் காசு மண்ணின் நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலால் துழாவவும் கூடாது, காரணம் கீழே. பின்பாயிண்டரும் தண்ணீர் தாங்குவதாக இருக்கட்டும், கேரட்டின் ஆரஞ்சு நிறப் புரோ பாயிண்டர் ஏடி சேற்றில் தொலையாது என்பதே அதன் பாதி மதிப்பு.

எந்த மெஷின் வாங்கினாலும் ஒன்று. குப்பையைக் கேட்காமல் இருக்க டிஸ்கிரிமினேஷனை, அதாவது வேண்டாத உலோகத்தின் ஒலியை அடக்கும் அமைப்பை, ஏற்றிவிடுவது எல்லாருக்கும் வரும் ஆசை. 1948-இலிருந்து 1950 வரை வந்த ஆறாம் ஜார்ஜ் 5, 10, 20 காசுகள் வெள்ளி இல்லை, செம்பு-நிக்கல் கலவை. அவற்றின் ஒலி அலுமினிய டின் வளையமும் ஈயத்தாளும் விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே விழும். டின் வளையத்தை ஒழித்தால் மன்னரையும் ஒழித்துவிடுவீர்கள். எழுபதுகளில் வந்த நம் ஒரு சென் வேறு குழப்பம், உள்ளே எஃகு, மேலே செம்பு முலாம், காந்தத்தில் ஒட்டும், டிடெக்டரில் எண் அங்குமிங்கும் தாவும். பழைய காசு விற்கிறவரிடம் சதுரக் காசு ஒன்றும் செம்பு-நிக்கல் 10 காசு ஒன்றும் வாங்கி, வீட்டு வாசலில் ஒரு கோப்பைக் கம்பியோடும் ஒரு துண்டுத் தகரத்தோடும் வைத்து ஆட்டி ஆட்டி ஒலியைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். புத்தகத்தில் படிப்பதைவிட இது பலிக்கும்.

எங்கே தேடுவது என்பதிலும் தேர்வு இருக்கிறது. லயம் இருந்த இடத்தைவிட எனக்குப் பிடித்தது பழைய கள்ளுக்கடை வாசல். சம்பள நாள், சில்லறை, நடுங்கும் கை, இருட்டு, எல்லாம் சேர்ந்த இடம் அது, கம்பிக் குப்பையும் குறைவு. பெரட்டுக் களத்தில், அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்தில், ஆள் கூடியது நிஜம், ஆனால் விடிகாலை பெரட்டுக்குக் காசோடு யார் வருவார்கள்? பழைய பந்துத் திடலின் ஓரம் நல்லது, நடுப்பகுதி வீண். ஆயாக்கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இருந்த இடத்தில் காசைவிடக் குழந்தைகளின் வளையல், அரைஞாண் மணி போன்றவை வரலாம். கேமரன் மலைக்கு ஏறி உண்மையான குளிரில் தேடலாமே என்று ஒரு தம்பி கேட்டார். குளிர் சுகம்தான், ஆனால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே தோண்டவே முடியாது, சரிவு, வேர், அட்டை. சுற்றிப் பார்க்கப் போங்கள்.

இடுகாடு, கோயில் நிலம் இரண்டையும் தொடாதீர்கள். அங்கே மண்ணுக்குள் இருக்கும் காசு தவறி விழுந்தது இல்லை, யாரோ வைத்தது.

இனி ஈரமண் விஷயம். மழைக்காலச் சேற்றில் இரண்டு நோய் இருக்கிறது, இரண்டும் மலேசியாவில் உள்ளவை. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் வரும் எலிக்காய்ச்சல் ஒன்று, செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. மற்றது மெலியாய்டோசிஸ், மண்ணிலேயே வாழும் கிருமி, கையில் சின்னக் கீறல் இருந்தால் போதும், நீரிழிவு உள்ளவர்களை மிக மோசமாகத் தாக்கும். நம் ஆட்களில் இனிப்புநீர் இல்லாத வீடு எத்தனை? சர்க்கரை உள்ள மாமாக்கள் மழைக்காலத்தில் மெஷினை ஆட்டட்டும், தோண்டுவதை வேறு யாராவது செய்யட்டும். ரப்பர் பூசிய தடித்த கையுறை, முழங்கால் வரை பூட்ஸ், அட்டையில் தேதியோடு டெட்டனஸ் ஊசி, இவையெல்லாம் மெஷினுக்கு முன்னால் வாங்க வேண்டியவை. கையுறை குளிருக்கும் ஆகும்.

எடுத்த காசை அங்கேயே விரலால் தேய்த்து வருஷம் பார்க்கக் கூடாது. ஈரமண்ணில் இருக்கும் மணல்துகள் உப்புத்தாள் வேலையைச் செய்யும். நம் மண் புளிப்பு மண், உரம் வேறு பல வருஷம் போட்டது, வெண்கலத்தின் மேல்தோல் ஏற்கெனவே தின்னப்பட்டிருக்கும். சின்ன டப்பாவில் தண்ணீரோடு போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து ஊறவையுங்கள். புளி போட்டு விளக்குவது குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு வேண்டாம், விலையும் போய்விடும் முகமும் போய்விடும்.

அனுமதி இல்லாமல் தோட்டத்துக்குள் போகாதீர்கள், மேனேஜரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது காவலாளிக்குத் தெரியாது, "என்ன தம்பி, சப்பான்காரன் புதையலா?" என்று சிரித்துக்கொண்டே வெளியே அனுப்பிவிடுவார். 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, மரபு மதிப்புள்ளது என்று நினைக்கத் தகுந்த பொருள் கிடைத்தால் மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். தேய்ந்த ஒரு காசு ஒன்று வேறு, ஒரே இடத்தில் ஒரு பானை நிறையக் கிடைப்பது வேறு. பின்னதை எண்ணிக்கூடப் பார்க்காமல் அப்படியே மூடிவிட்டுப் போன் போடுங்கள்.

நம் ஊருக்கென்று இன்னொன்று உண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார் (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள்) சுடப்பட்ட பிறகுதான் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் பிரகடனமானது, அது 1960 வரை ஓடியது. அதனால் தோட்டா கிடைப்பது இங்கே அதிசயமில்லை. வெடிக்காத தோட்டாவையோ குண்டுபோல உருண்ட எதையோ எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தால், அது வெடிக்காவிட்டாலும் உரிமம் இல்லாமல் வெடிமருந்து வைத்திருந்த குற்றம் வந்து சேரும். தொடாதீர்கள், பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு தூரமாக வந்து போலீசைக் கூப்பிடுங்கள். அன்றைக்கு அந்த இடத்தில் தேடல் முடிந்தது.

வாங்கும்போது ரசீதையும் வாரண்டி அட்டையையும் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் தாங்கும் என்று எழுதிய மெஷினுக்குள் தண்ணீர் போனால் யார் பொறுப்பு, பழுது பார்க்க மலேசியாவுக்குள் ஆள் உண்டா, இல்லை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமா என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், நூறு வெள்ளி கூடக் கொடுத்தாவது பதில் தெளிவாக வரும் கடையில் வாங்குங்கள்.